புரோகிராம் மேனேஜர் நேர்காணல்: எதிரில் இருப்பவர் என்ன எழுதிக்கொள்கிறார்?

பெரிய டெக் நிறுவனத்தின் வீடியோ நேர்காணலில் நீங்கள் பேசும் நேரமெல்லாம் எதிர்முனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். புதிதாக வருபவர்கள் இதைக் கேட்டுக் கலங்கிப்போவதுண்டு; நம் பேச்சு பிடிக்காமல் வேறு மெயிலுக்குப் பதில் போடுகிறாரோ என்று தோன்றும். அப்படி ஒன்றுமில்லை. நீங்கள் சொல்வதைத்தான் அவர் தட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் குறிப்புதான் நீங்கள் போன பிறகு உங்களுக்காகப் பேசப்போகிறது.

கூகுளில், உங்களை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு குழு இந்தக் குறிப்புகளை வாசித்துவிட்டு, எடுக்கலாமா வேண்டாமா என்று பரிந்துரைக்கும். அமேசானில் நேர்காணல் செய்தவர்கள் ஒவ்வொருவரும் அடுத்தவர் என்ன எழுதினார் என்று பார்க்காமலே தம் குறிப்பையும் முடிவையும் எழுதிப் பதிவு செய்கிறார்கள். அதற்குப் பிறகுதான் ஒன்றாக உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். அந்த விவாதத்தில் ‘பார் ரைசர்’ என்று ஒருவர் இருப்பார். ஆள் தேவைப்படும் அணியைச் சேராதவர், இதற்கென்றே பயிற்சி பெற்றவர். 1999-இல் தொடங்கிய ஏற்பாடு இது. ஆள் கிடைக்காமல் தவிக்கும் மேனேஜர் அவசரப்பட்டு யாரையாவது எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அவருக்கு மறுக்கும் அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள்.

ஆக, உங்கள் பேச்சின் இனிமை குறிப்பில் ஏறாது. எண், தேதி, நீங்கள் எடுத்த முடிவு, அதற்கான காரணம் ஆகியவைதான் ஏறும். கீழே வரும் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைப்பவை.

முதலில், இது எந்த வேலை?

பிஎம் என்ற இரண்டெழுத்துக்குள் மூன்று வேலைகள் ஒளிந்திருக்கின்றன. புராடக்ட் மேனேஜர், என்ன செய்யலாம், ஏன் செய்யலாம் என்று முடிவெடுப்பவர். புராஜெக்ட் மேனேஜர், தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலையைக் குறித்த தேதிக்குள் முடித்துக்கொடுப்பவர். புரோகிராம் மேனேஜர், ஒரே இலக்குக்காகப் பல அணிகள் தனித்தனியாகச் செய்யும் வேலைகள் ஒன்றோடொன்று இடிக்காமல், ஒன்றுக்காக மற்றொன்று காத்துக் கிடக்காமல் சேர்த்துக் கொண்டுபோகிறவர். இதிலேயே சிஸ்டத்தின் உள்கட்டமைப்பை எஞ்சினியர்களோடு உட்கார்ந்து விவாதிக்கத் தெரிந்தவர் டெக்னிக்கல் புரோகிராம் மேனேஜர், சுருக்கமாக டிபிஎம்.

கல்யாண வீட்டில் ஒரு சித்தப்பா இருப்பார். சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் மேளக்காரருக்கும் அவர் சம்பளம் கொடுக்கவில்லை. ஆனால் முகூர்த்தத்துக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும் என்ற பாரம் அவர் தலையில்தான். இந்த வேலையும் அந்த ரகம். பொறுப்பு முழுக்க உங்களுடையது. அணியில் ஒருவர்கூட உங்களுக்கு ரிப்போர்ட் செய்ய மாட்டார். நேர்காணலில் வரும் கேள்விகளில் பாதி இந்த முரணைச் சுற்றியே வரும்.

பதவிப் பெயரை மட்டும் நம்பி விண்ணப்பிக்காதீர்கள். இந்தப் பெயரே 1980-களில் மைக்ரோசாஃப்டில், மேக்கின்டாஷுக்கான எக்செல் உருவான காலத்தில் ஜேப் புளூமென்தால் என்பவர் செய்த வேலைக்காக வந்தது. பயனருக்கு என்ன வேண்டும் என்று யோசித்து, அதை எஞ்சினியர்கள் கட்டும் அளவுக்கு விவரமாக எழுதிக்கொடுப்பதுதான் அவர் வேலை. இன்று மற்ற இடங்களில் அதை புராடக்ட் மேனேஜர் என்பார்கள். மைக்ரோசாஃப்ட் வெகுகாலம் அந்தப் பொருளிலேயே இந்தப் பெயரை வைத்திருந்தது. அண்மை ஆண்டுகளில்தான் பலரை புராடக்ட் மேனேஜர் என்று மாற்றியது. அதனால் வேலை விளம்பரத்தில் வினைச்சொற்களைப் பாருங்கள். ‘வாடிக்கையாளர் தேவையை வரையறுத்தல்’ என்று தொடங்கினால் அது புராடக்ட் வேலை. ‘அணிகளுக்கிடையே ஒருங்கிணைத்தல், ரிஸ்க், சார்புகள், கால அட்டவணை’ என்று வந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது. இரண்டுக்கும் தயாராகும் விதம் வெவ்வேறு.

எத்தனை சுற்று?

முதலில் ரெக்ரூட்டரோடு, அதாவது நிறுவனத்துக்கு ஆள் தேடித் தருபவரோடு, 30 நிமிடப் போன். அவர் உங்கள் திறமையை அளக்க வரவில்லை. ரெஸ்யூமேயில் உள்ளது உண்மையா, எதிர்பார்க்கும் சம்பளம், வேலை செய்யும் ஊர், எப்போது சேர முடியும் என்பவற்றைப் பார்த்துக்கொள்வார். அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது அதிகம்: எந்த லெவலுக்கு (பதவிப் படிக்கு) என்னைப் பார்க்கிறீர்கள், எத்தனை சுற்று, எந்தெந்தச் சுற்றில் எதைச் சோதிப்பார்கள், சிஸ்டம் டிசைன் உண்டா, எழுத்துத் தேர்வு உண்டா. நீங்கள் தேறினால் அவருக்கும் வேலை முடிந்தது என்பதால் பெரும்பாலும் ஒளிக்காமல் சொல்வார்கள். கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்து அந்த அணியின் மேனேஜரோடு 45 முதல் 60 நிமிடம். அதைத் தாண்டினால் ‘லூப்’: ஒரே நாளிலோ இரண்டு நாளிலோ 4 முதல் 6 பேர், ஒவ்வொருவரும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். கூகுள் தன் பழைய நேர்காணல்களை ஆராய்ந்து, 4 பேர் பார்த்தாலே 86 சதவீத நம்பிக்கையோடு முடிவெடுக்க முடியும், அதற்கு மேல் பார்ப்பதால் பெரிதாகக் கிடைப்பது ஒன்றுமில்லை என்று கண்டது. அதற்கு முன் சிலரைப் பத்துக்கும் மேற்பட்ட தடவை கூப்பிட்டு அலையவிட்ட நிறுவனம்தான் அது.

யார் எதைக் கேட்பது என்று முன்பே பிரித்துக்கொண்டுதான் வருவார்கள். கூகுள் நான்கு தலைப்பில் பார்க்கிறது: யோசிக்கும் திறன், வேலைக்குரிய அறிவு, தலைமைப் பண்பு, அவர்கள் ‘கூகுளினஸ்’ என்று சொல்லும் குணம். அமேசானுக்கு ‘லீடர்ஷிப் பிரின்சிபிள்’ என்ற கொள்கைப் பட்டியல் உண்டு. 14-ஆக இருந்தது 2021-இல் 16 ஆயிற்று. ஒவ்வொருவர் கையிலும் அதில் இரண்டு மூன்று கொடுக்கப்பட்டிருக்கும். அதனால் ஒரே கதையை நான்கு பேரிடமும் சொன்னால், விவாதத்தில் நான்கு பேர் குறிப்பிலும் அதே கதைதான் இருக்கும். இவருக்கு வேறு அனுபவமே இல்லை போலிருக்கிறது என்ற முடிவுக்கு வர அதுவே போதும்.

“அப்படி ஒரு அனுபவத்தைச் சொல்லுங்கள்”

அமேசானில் கேள்விகளில் பெரும்பகுதி இந்த ரகம்தான். மற்ற இடங்களிலும் கணிசமாக வரும். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்க மாட்டார்கள்; என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: “உங்கள் பேச்சைக் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத ஒரு அணியிடம் வேலை வாங்கிய அனுபவத்தைச் சொல்லுங்கள்.”

வழக்கமாக வரும் பதில் இப்படி இருக்கும்: “போன வருஷம் ஒரு பெரிய டேட்டாபேஸ் மாற்றம் நடந்துச்சு. நிறைய டீம் சேர்ந்து செஞ்சோம். ஒரு டீம் தாமதம் பண்ணாங்க. விடாம ஃபாலோ அப் பண்ணி, மீட்டிங் போட்டு, எல்லாரையும் ஒத்துக்க வெச்சு, நேரத்துக்குள்ள முடிச்சுட்டோம்.”

எதிரில் இருப்பவர் குறிப்பில் என்ன ஏறியிருக்கும்? ‘பெரிய மாற்றம். தாமதம். ஃபாலோ அப்.’ அவ்வளவுதான். பெரிய என்றால் எத்தனை? தாமதம் ஏன்? மீட்டிங்கில் இவர் பேசியது என்ன? முடித்தது யார்?

அதே அனுபவத்தை இப்படிச் சொல்லலாம்:

“பழைய டேட்டாபேஸின் லைசென்ஸ் மார்ச் 31-இல் முடிகிறது. அதற்குள் 9 சர்வீஸ்களைப் புதியதற்கு மாற்றாவிட்டால் இன்னொரு முழு வருடத்துக்கும் பணம் கட்ட வேண்டும். திட்டத்துக்கு நான் பொறுப்பு. சர்வீஸ்கள் 5 அணிகள் கையில். ஜனவரி இரண்டாம் வாரத்தில் பில்லிங் அணி, தங்களால் ஏப்ரல் 14-க்குத்தான் முடியும் என்றது. அந்த அணியின் மேனேஜரிடம் நான் போவதற்கு முன் அவர்களுடைய வேலைப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். 4 வாரம் 30 ரிப்போர்ட்டுகளை மாற்றி எழுதுவதற்கே போகிறது என்று தெரிந்தது. அவற்றை யார் பார்க்கிறார்கள் என்று 90 நாள் லாக் எடுத்தேன். 11 மட்டும்தான் திறக்கப்பட்டிருந்தன. பட்டியலை நிதிப் பிரிவுத் தலைவரிடம் காட்டி, மீதி 19-ஐ நிறுத்த எழுத்தில் ஒப்புதல் வாங்கினேன். 4 வார வேலை ஒன்றரை வாரமாயிற்று. மார்ச் 28-இல் முடித்தோம். ஆனால் நிறுத்திய 19-இல் ஒன்று, வருடக் கணக்கு முடிக்கும்போது மட்டும் தேவைப்படுவது. 90 நாள் லாக்கில் அது தெரியவில்லை. ஏப்ரலில் அதைத் திரும்பக் கட்ட 2 நாள் அவசர வேலை ஆயிற்று. இப்போது செய்தால் ஒரு வருட லாக் எடுப்பேன்.”

நிறுத்தி நிதானமாகச் சொன்னால் இதற்கு இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் ஆகும். கூடுதல் விவரத்தோடு மூன்று நிமிடம் வரை போகலாம். ஸ்டார் முறை என்று எல்லாரும் சொல்வது இதன் எலும்புக்கூடுதான்: நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு. முறை தெரிந்தவர்கள்கூடத் தவறும் இடம் ஒன்று உண்டு. நிலைமையை விளக்குவதிலேயே இரண்டு நிமிடத்தைச் செலவழித்துவிடுவார்கள், நிறுவனத்தின் வரலாறு உட்பட. நிலைமைக்கு நான்கு வாக்கியம் போதும். பாதிக்கு மேற்பட்ட நேரம் ‘செய்தது’ என்ற பகுதிக்குப் போக வேண்டும், ஏனென்றால் அதில்தான் உங்கள் மூளை தெரிகிறது. மேலே உள்ள பதிலில் உயிர்நாடி லாக் எடுத்துப் பார்த்த இடம். ‘சீக்கிரம் முடியுங்கள்’ என்று நெருக்காமல், வேலையின் அளவையே கேள்வி கேட்டது அது.

கடைசியில் வரும் பிழை ஒப்புதலை வெட்டிவிடத் தோன்றும். வெட்டாதீர்கள். எல்லாம் வெற்றியாக முடிந்த கதையை அனுபவசாலிகள் நம்புவதில்லை. தவிர, ‘இப்போது செய்தால் எதை மாற்றுவீர்கள்?’ என்பது நிச்சயம் வரும் கேள்வி. அதற்கு நீங்களே முந்திக்கொள்கிறீர்கள்.

இங்கே நமக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ‘நான் செய்தேன்’ என்று சொல்லக் கூச்சப்பட்டு ‘நாங்க செஞ்சோம்’ என்பது நம் பழக்கம். ஆங்கிலத்தில் பேசும்போதும் அது கூடவே வந்துவிடும். வீட்டில் அது பண்பு. இங்கே அது குறிப்பெடுப்பவருக்குத் தலைவலி, ஏனென்றால் அவர் ஒட்டுமொத்த அணியையும் வேலைக்கு எடுக்கப்போவதில்லை. கோட் எழுதியது எஞ்சினியர்கள் என்றால் அப்படியே சொல்லுங்கள். பட்டியலை வாங்கிப் பார்த்தது நான் என்றும் சொல்லுங்கள். யார் செய்ததை யார் பெயரில் சொல்கிறோம் என்பதில் நேர்மையாக இருந்தால் கூச்சத்துக்கு வேலையில்லை. பேசிய ஒலிப்பதிவை ஒருமுறை கேட்டு ‘நாங்கள்’ எத்தனை, ‘நான்’ எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலோருக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

முதல் பதிலோடு விட மாட்டார்கள். “நிதித் தலைவர் மறுத்திருந்தால்?” “நீங்கள் தன்னைத் தாண்டிப் போனதாக அந்தப் பில்லிங் மேனேஜர் நினைக்கவில்லையா?” “90 நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?” என்று மூன்று நான்கு அடுக்கு உள்ளே தோண்டுவார்கள். உண்மையில் நடந்த கதைக்கு அடியில் எப்போதும் இன்னொரு தளம் இருக்கும். இணையத்தில் படித்து மனப்பாடம் செய்ததற்கு இருக்காது. இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறும். அந்தத் தடுமாற்றமும் குறிப்பில் ஏறும்.

எத்தனை கதை வேண்டும்? 8 முதல் 10. ஒரு தாளில் கதைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் எதற்கெல்லாம் பொருந்தும் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: அதிகாரம் இல்லாமல் வேலை வாங்கியது, மேலதிகாரியோடு முரண்பட்டது, தோற்றது, போதிய தகவல் இல்லாமல் முடிவெடுத்தது, வேலையின் அளவை வெட்டியது, செயல்முறையை எளிமையாக்கியது. தோல்விக் கதை குறைந்தது இரண்டு இருக்கட்டும். ‘அதிகமாக உழைத்துவிட்டேன்’ என்பதைத் தோல்வியாகச் சொல்பவர்களைப் பார்த்து எல்லாருக்கும் அலுத்துவிட்டது. இன்னொன்று: இப்போதைய நிறுவனத்தின் வருமானம், வெளிவராத தயாரிப்பு போன்ற ரகசியங்களைக் கொட்டாதீர்கள். சதவீதமாகச் சொல்லலாம். இன்று அங்கே ரகசியம் காக்காதவர் நாளை இங்கேயும் காக்க மாட்டார் என்று எழுதிவிடுவார்கள்.

கற்பனைத் திட்டம்

இரண்டாவது ரகக் கேள்வி கையில் ஒரு திட்டத்தைக் கொடுத்து, எப்படி நடத்துவீர்கள் என்று கேட்பது. சரியான விடை என்று ஒன்று கிடையாது; நீங்கள் எந்த வரிசையில் யோசிக்கிறீர்கள் என்று பார்க்கிறார்கள். ஒன்றை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

“பயனர் தன் கணக்கை அழிக்கச் சொன்னால் அவருடைய தரவு நம் எல்லா சிஸ்டங்களிலிருந்தும் அழிய வேண்டும். 12 அணிகள் சம்பந்தப்பட்டவை. 6 மாதம் இருக்கிறது. நீங்கள்தான் பொறுப்பு.”

கேட்டவுடன் பலகையில் கட்டம் போடத் தொடங்குவதுதான் முதல் தவறு. முதல் 5 நிமிடம் கேள்வி கேளுங்கள். தேதி எங்கிருந்து வந்தது? மேலதிகாரி சொன்ன தேதி என்றால் நகர்த்தப் பேசலாம். சட்டம் வைத்த தேதி என்றால் நகராது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25-இல் நடைமுறைக்கு வந்தபோது எந்தப் பெரிய நிறுவனத்தாலும் அந்த நாளைத் தள்ளிவைக்க முடியவில்லை. தேதி நகராது என்றால் வேலையின் அளவுதான் நகர வேண்டும். திட்டத்தின் முழு வடிவமும் இந்த ஒரு பதிலில் மாறிவிடும். அடுத்து: எல்லா நாடுகளுக்குமா? வெளி நிறுவனங்களுக்குக் கொடுத்த நகல்களும் சேருமா? இதற்கு மேலே யார் பொறுப்பாளர், இரண்டு அணிகள் மோதினால் யார் தீர்ப்புச் சொல்வார்?

பிறகு, முடிந்தது என்று எதைச் சொல்வோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ‘கோரிக்கை வந்த 30 நாளுக்குள் 12 அணிகளின் கிடங்குகளிலும் அந்தப் பயனரின் தரவு இருக்கக் கூடாது, மாதந்தோறும் அழிக்கப்பட்ட 1,000 கணக்குகளை எடுத்துத் தேடினால் 0 கிடைக்க வேண்டும்.’ இந்த வாக்கியம் வந்த உடனே விதிவிலக்குகள் வெளியே வரும். பேக்கப் டேப்பில் இருக்கும் நகலை அங்கேயிருந்து மட்டும் கிள்ளி எடுக்க முடியாது. அது காலாவதியாகும்வரை கிடக்கும். பணம் கட்டிய ரசீதை வரிச் சட்டத்துக்காக வைத்திருந்தே ஆக வேண்டும். வழக்கு நடக்கும் கணக்குகளைத் தொடவே கூடாது. இந்த மூன்றையும் எதிரில் இருப்பவர் சொல்லித் தருவதற்கு முன் நீங்களே சொன்னால், சட்டப் பிரிவை முதல் வாரத்திலேயே கூப்பிடும் ஆள் இவர் என்று அவர் எழுதிக்கொள்வார்.

இப்போது காலக் கணக்கு. எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்று கணக்கெடுக்க 3 வாரம். அழிக்கச் சொல்லும் சமிக்ஞையை எல்லாருக்கும் அனுப்பும் மையச் சேவையைக் கட்ட 6 வாரம். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கலாம் என்பதால் சேர்ந்து 6. ஒவ்வொரு அணியும் அதோடு இணைய 5 வாரம், சோதனை 3 வாரம், படிப்படியாக வெளியிட 4 வாரம். மொத்தம் 18. 6 மாதம் என்றால் 26 வாரம்; 8 வாரம் மிச்சம். இடையில் ஆண்டு இறுதி வந்தால் பல நிறுவனங்களில் புதிய கோட் எதுவும் வெளியிடக் கூடாது என்று முடக்கிவைப்பார்கள்; அதற்கு 3 வாரம் கழித்தால் 5. இந்தக் கூட்டலைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள். எண்கள் உத்தேசம்தான், அதையும் சொல்லிவிடுங்கள். உத்தேச எண்ணே இல்லாமல் ‘அணிகளிடம் கேட்டுத் திட்டமிடுவேன்’ என்பது நழுவல்.

5 வாரம் இருக்கிறதே என்று நிம்மதி அடைந்தால் அங்கேதான் குழி. ஒவ்வொரு அணியும் நேரத்துக்கு முடிக்க 90 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், தாராளமான கணக்கு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் 12 அணிகளும் முடிக்க வாய்ப்பு 0.9-ஐப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் கிடைப்பது: சுமார் 28 சதவீதம். அதாவது யாராவது ஒருவர் தாமதமாக சுமார் 72 சதவீத வாய்ப்பு. பல அணித் திட்டங்கள் ஏன் வழுக்குகின்றன என்பதற்கு இந்தப் பெருக்கலே போதுமான விளக்கம். இதற்கு மருந்தாக நீங்கள் சொல்ல வேண்டியது: 12 அணிகளையும் ஒரே நாளில் தொடங்கவைக்க மாட்டேன். மிகச் சிக்கலான ஒரு அணி, எளிதான ஒரு அணி, இரண்டையும் முதலில் இணைத்துப் பார்ப்பேன். மையச் சேவையில் உள்ள ஓட்டைகள் அங்கேயே தெரியும். ஆபத்து அதிகமான 4 அணிகள் அடுத்து. எளிதானவை கடைசி.

வெளியிடும் கட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. எந்தத் திட்டத்தைக் கேட்டாலும் ‘1 சதவீதத்துக்கு வெளியிட்டு, பிரச்சினை வந்தால் ரோல்பேக் செய்வேன்’, அதாவது பழைய நிலைக்கே திருப்பிவிடுவேன் என்று சொல்லப் பழகிவிட்டோம். இங்கே எதை ரோல்பேக் செய்வது? அழித்தது அழிந்ததுதான். தவறான ஆளின் போட்டோக்கள் போய்விட்டால் திரும்ப வராது. அதனால் முதல் வாரம் ஒத்திகை: எதையெல்லாம் அழித்திருக்கும் என்று பட்டியல் மட்டும் போடும், எதையும் தொடாது. அடுத்து, தரவை மறைத்துவைத்து 7 நாள் பொறுத்து அழிப்பது. அதன் பிறகுதான் 1, 10, 50, 100 என்ற சதவீதப் படிகள். பாடமாகப் படித்த விடைக்கும் யோசித்த விடைக்கும் வித்தியாசம் இந்த இடத்தில் பளிச்சென்று தெரியும்.

பாதியில் எதிரில் இருப்பவர் கல்லை எறிவார்: “தலைமை தேதியை ஒரு மாதம் முன்னுக்கு இழுத்துவிட்டது. என்ன செய்வீர்கள்?” ‘கூடுதல் ஆள் கேட்பேன்’ என்பது கைவசம் வரும் முதல் விடை, பலவீனமான விடையும் அதுவே. 6 பேர் உள்ள அணியில் ஒருவரோடொருவர் பேச 15 இணைப்புகள். 12 பேரானால் 66. புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவர் வேலையை நிறுத்த வேண்டும். ஐந்து மாதமாகச் சுருங்கிய திட்டத்தில் அந்தச் செலவு திரும்பி வராமலே போகலாம். அதைவிட, தெரிவுகளை விலையோடு மேசையில் வையுங்கள்: ஒன்று, பயனர் தரவில் பெரும்பகுதியை வைத்திருக்கும் 8 அணிகளை முதலில் முடித்து, மீதி 4-க்கு அதுவரை கையால் அழிக்கும் ஏற்பாடு. இரண்டு, ஐரோப்பியப் பயனர்களுக்கு மட்டும் முதலில். மூன்று, வேலையின் அளவை மாற்றாமல் சோதனையை 3 வாரத்திலிருந்து குறைப்பது, தவறாக அழியும் ஆபத்தோடு. இதில் நான் முதலாவதைப் பரிந்துரைக்கிறேன், காரணம் இது, முடிவு இன்னாருடையது, இந்த வெள்ளிக்குள் வேண்டும் என்று சொல்லி நிறுத்துங்கள். பரிந்துரை இல்லாமல் மூன்று வழியைப் பட்டியலிட்டுவிட்டு மேலே தூக்கிக் கொடுப்பவரைத் தபால்காரராகத்தான் பார்ப்பார்கள்.

நிலவர அறிக்கை பற்றியும் கேட்பார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று எல்லாரும் சொல்வோம். தர்பூசணி நிலவரம் என்று இத்தொழிலில் ஒரு கேலிச்சொல் உண்டு: வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. அது எப்படி வராமல் பார்ப்பீர்கள்? நிறத்தை யாரும் தன் இஷ்டத்துக்குத் தீட்ட முடியாதபடி விதி வையுங்கள். ஒரு மைல்கல் 5 வேலை நாள் தாண்டினால் மஞ்சள். 10 நாள் தாண்டினாலோ மிச்சக் காலத்தில் பாதி தீர்ந்தாலோ சிவப்பு. சிவப்பு சொன்னவரைத் திட்டாத கூட்டம் வேண்டும் என்பதும் உண்மைதான், ஆனால் விதியைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் காற்றில் போகும்.

டெக்னிக்கல் சுற்று

டிபிஎம் பதவிக்கு மட்டும் கட்டாயம். கோட் எழுதச் சொல்வது அரிது. ரெக்ரூட்டரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மேலே பார்த்த அழிக்கும் சேவையையே வரையச் சொல்லலாம். கோரிக்கை வருகிறது, ஒரு வரிசையில் செய்தியாக நிற்கிறது, 12 அணிகளும் அதை எடுத்துக்கொள்கின்றன, அழித்த பிறகு அத்தாட்சி திரும்ப வருகிறது. கேள்விகள் இங்கிருந்து பிறக்கும். ஒரு அணியின் சர்வர் 2 மணி நேரம் படுத்துவிட்டால் செய்தி என்ன ஆகும்? அதே செய்தி இரண்டு தடவை வந்தால் இரண்டாவது தடவை எதையாவது கெடுக்குமா? 11 அத்தாட்சி வந்து ஒன்று வரவில்லை என்றால் யாருக்குத் தெரியும், எப்போது? எஞ்சினியர் அளவுக்கு ஆழம் எதிர்பார்ப்பதில்லை. ஒரு வடிவத்தைத் தேர்ந்தால் எதை இழக்கிறோம் என்று சொல்லத் தெரிந்தால் போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எந்த எஞ்சினியரிடம் என்ன கேட்பேன் என்று தொடருங்கள். வேலையிலும் நீங்கள் அதைத்தான் செய்யப்போகிறீர்கள்.

லெவல்

தேர்வு என்பது எடுக்கலாமா வேண்டாமா என்பதோடு முடிவதில்லை. எந்த லெவலில் என்பதும் அதே குறிப்புகளிலிருந்துதான் வருகிறது. உங்கள் கதைகளில் எல்லாம் ஒரே அணி, 8 வாரம், உங்கள் மேனேஜர் வகுத்த திட்டம் என்று இருந்தால், 12 வருட அனுபவம் இருந்தாலும் ஒரு படி கீழே வைத்துத்தான் அழைப்பு வரும். சம்பளம், பங்கு இரண்டும் அந்தப் படியோடு கட்டப்பட்டவை. பிறகு பேரம் பேசி ஏற்றக்கூடியது கொஞ்சம்தான். ஆகவே கதைகளைத் தேர்ந்தெடுக்கும்போதே, எத்தனை அணி, எத்தனை மாதம், தெளிவில்லாத நிலையிலிருந்து திட்டத்தை வகுத்தது நீங்களா என்று பார்த்து, பெரியவற்றை முன்னால் வையுங்கள். அந்த அளவு வேலை உங்களிடம் இல்லையென்றால் பெரிதாக்கிச் சொல்ல வேண்டாம், தோண்டும்போது தெரிந்துவிடும்.

கடைசி 5 நிமிடம்

“எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். ‘இங்கே பண்பாடு எப்படி?’ என்று கேட்டால் விளம்பரத்தில் உள்ளதையே திருப்பிச் சொல்வார்கள். இந்த வேலைக்கென்று கேட்க வேண்டியவை வேறு. இந்தப் பதவி புதிதா, ஒருவர் விட்டுப்போனதா? போனவர் அதே நிறுவனத்துக்குள் வேறு அணிக்குப் போனாரா, வெளியே போனாரா? கடைசியாக ஒரு தேதி தவறியபோது இங்கே என்ன நடந்தது? எஞ்சினியரிங் மேனேஜரும் புரோகிராம் மேனேஜரும் ஒத்துப்போகாதபோது யார் சொல் நிற்கும்? இந்தக் கடைசிக் கேள்வியை எஞ்சினியரிங் மேனேஜரிடமும், ஏற்கெனவே அங்கே இருக்கும் புரோகிராம் மேனேஜரிடமும் தனித்தனியாகக் கேட்டு, இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இம்முறை குறிப்பெடுப்பவர் நீங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், ஆஃபர் கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன் அந்த மேனேஜரோடு இன்னொரு அரை மணி நேரம் கேளுங்கள். ரெக்ரூட்டர் ஏற்பாடு செய்து தருவார்.